ஃபிரெட் மட்டம் பிடித்தல்: அரத்தைக் கையில் எடுக்கும் முன்

ஆறுதந்தி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 22 ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கொண்ட எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று இருக்கிறது. தந்தியின் அளவு நீளம் 648 மி.மீ., விரல்பலகை ரோஸ்வுட், அதன் வளைவு ஆரம் 9.5 அங்குலம். எட்டு ஆண்டுகளாக வாசித்துவரும் இந்தக் கருவியில் இப்போது மூன்று தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. முதலாவது, இரண்டாம், மூன்றாம் தந்திகளை 9ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் ஜிர்ரென்ற இரைச்சல் வருகிறது. 8இலும் 10இலும் அது இல்லை. இரண்டாவது, முதல் மூன்று ஃபிரெட்களில் தந்திகளுக்கு நேர் கீழே கண்ணுக்குத் தெரியும் பள்ளங்கள் விழுந்துள்ளன. அங்கே விரலை அசைத்தால் தந்தி மணலில் உரசுவது போல இருக்கிறது. மூன்றாவது, முதல் தந்தியை 14ஆம் ஃபிரெட்டில் அழுத்தி முழு ஸ்வரம் அளவுக்கு பெண்ட் செய்தால் (தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால்) ஒலி பாதியிலேயே அடைத்துப்போகிறது.

ஃபிரெட்கள் முழுவதையும் நானே அராவி மட்டப்படுத்திவிடலாம் என்று எண்ணி அரம், உப்புத்தாள், நேரான ஓர் அலுமினியச் சட்டம் ஆகியவற்றைச் சேகரித்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அரத்தூள்:
நண்பரே, அரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஃபிரெட்டிலிருந்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழி கிடையாது என்பதால், மட்டப்படுத்துதல் எப்போதும் கடைசியில் வர வேண்டிய வேலை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கும், அவற்றில் ஒன்றுக்காவது அரமே தேவைப்படாது.

முதலில் கருவியை நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சுருதிக்கு ஏற்றி, வாசிக்கும் நிலையிலேயே பக்கவாட்டில் நிறுத்தி வைத்து அளவெடுங்கள். மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைப்பகுதியின் கீழே முட்டுக் கொடுத்து அளந்தால், கருவியின் எடையே நெக்கின் (விரல்பலகையைத் தாங்கும் கழுத்துப்பகுதி) வளைவைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்திப் பிடித்து, 7, 8ஆம் ஃபிரெட்களின் மேல் தந்திக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (கனம் குறித்த மெல்லிய தகடுகள்) பாருங்கள். நெக்கின் உள்வளைவு அதுதான். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் அதைக் குறை என்று சொல்ல முடியாது. பிறகு 12ஆம் ஃபிரெட்டின் மேல் தந்திகளின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மூன்று ஃபிரெட்களை மட்டும் தொடும் அளவுக்கு நீளமான, நேர்விளிம்புள்ள சிறு உலோகத் துண்டை ஒவ்வொரு மூன்று ஃபிரெட்டின் மேலும் வைத்து ஆட்டிப் பாருங்கள். நடு ஃபிரெட் உயர்ந்திருந்தால் துண்டு ஏற்றப்பலகையைப் போல இருபுறமும் ஆடும். ஒரே ஃபிரெட்டின் மேல் ஆறு தந்திகளின் பாதையிலும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் ஃபிரெட் ஒரு முனையில் மட்டும் எழும்பியிருப்பதுதான் வழக்கமாக நடப்பது. இந்த அளவுகள் எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள், மற்றதை அதன்பிறகு பேசலாம்.

இடக்கை:
இவ்வளவு அளவெடுப்பு எதற்கு என்று விளங்கவில்லை. பிரிட்ஜில் (உடலின் மேல் தந்திகள் முடியும் பாகம்) தந்தி அமரும் சேடிலைச் சற்று உயர்த்தினால் இரைச்சல் போய்விடும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் வாசித்து வருகிறேன்.

பொறியாளன்:
போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஃபிரெட்டின் குறைக்காக 21 ஃபிரெட்டிலும் விரல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். இதில் ஒரு சிறிய கணக்கு இருக்கிறது, அது தெரிந்தால் அளவெடுப்பின் அருமை புரியும்.

அடுத்தடுத்த இரண்டு ஃபிரெட்களில் அழுத்தும்போது தந்தியின் அதிரும் நீளம் 1.05946 என்ற விகிதத்தில் குறைகிறது. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் அது. ஆகவே நீங்கள் எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும், அடுத்த ஃபிரெட் இருக்கும் தூரம் மீதமுள்ள தந்தி நீளத்தில் ஏறத்தாழ 5.6 சதவீதமாகவே இருக்கும். நெக் முற்றிலும் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அழுத்திய தந்தி அடுத்த ஃபிரெட்டின் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் கடக்கிறது என்பதும் சேடில் உயரத்தில் அதே 5.6 சதவீதம்தான். 2ஆம் ஃபிரெட்டானாலும் 17ஆம் ஃபிரெட்டானாலும் இது மாறுவதில்லை.

ஃபிரெட்களின் தளத்திலிருந்து சேடிலில் தந்தி 2.8 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அடுத்த ஃபிரெட்டின் மேல் கிடைக்கும் இடைவெளி சுமார் 0.16 மி.மீ. மட்டுமே. அந்த ஃபிரெட் வெறும் 0.05 மி.மீ. எழும்பியிருந்தாலே மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது. அதைச் சேடிலை உயர்த்தி ஈடுசெய்ய வேண்டுமானால், சேடிலை ஏறக்குறைய 0.9 மி.மீ. தூக்க வேண்டியிருக்கும். நண்பர் இடக்கை அவர்களின் முறைக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

நெக்கின் உள்வளைவு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். கீழ் ஃபிரெட்களில் அழுத்தும்போது முன்னால் உள்ள ஃபிரெட்கள் பள்ளத்தில் இறங்குவதால் இடம் கூடுகிறது. வளைவின் ஆழமான இடத்தைத் தாண்டிய பிறகு, முன்னால் உள்ளவை மேட்டில் ஏறுவதால் இடம் குறைகிறது. இரைச்சல் வந்தாலே ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவை மாற்ற அதனுள் ஓடும் உலோகத் தண்டு) தளர்த்தி வளைவைக் கூட்டுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஆறுதந்தி:
இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டு அளந்தேன். உள்வளைவு 0.2 மி.மீ. 12ஆம் ஃபிரெட்டின் மேல் முதல் தந்தி 1.6 மி.மீ., ஆறாம் தந்தி 1.9 மி.மீ. உலோகத் துண்டை 9, 10, 11ஆம் ஃபிரெட்களின் மேல் வைத்தபோது, முதல் மூன்று தந்திகளின் பாதையில் தெளிவாக ஆடியது. நான்கு முதல் ஆறு வரையான தந்திகளின் பாதையில் அசையவே இல்லை. வேறு எந்த இடத்திலும் அது ஆடவில்லை. அப்படியானால் 14ஆம் ஃபிரெட்டில் ஒலி ஏன் அடைக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

10ஆம் ஃபிரெட்டின் உயர்ந்த பாதியை மட்டும் அராவிவிட்டால் போதுமா?

அரத்தூள்:
போதாது என்பது மட்டுமில்லை, அதுதான் செய்யக் கூடாதது. ஒரு பாதி உயர்ந்தும் மறுபாதி சரியாகவும் இருக்கும் ஃபிரெட், பெரும்பாலும் தன் பள்ளத்திலிருந்து கிளம்பிய ஃபிரெட். ஃபிரெட் கம்பியின் குறுக்குவெட்டு காளானைப் போன்றது. மேலே தெரியும் வளைந்த தலை ஒன்று, மரத்தின் பள்ளத்துக்குள் இறங்கும் கால் ஒன்று, அந்தக் காலின் இருபுறமும் மரத்தைப் பற்றும் சிறு பற்கள். மரம் காய்ந்தும் ஈரமேறியும் மாறிமாறி வரும்போது அந்தப் பிடி தளர்கிறது. எழும்பியிருக்கும் நிலையிலேயே அதை அராவினால், பின்னொரு நாள் அது தானாகவோ வேறொருவர் தட்டியோ உள்ளே அமரும்போது அந்த ஃபிரெட் தாழ்ந்துவிடும். பிறகு மற்ற எல்லாவற்றையும் அதன் அளவுக்கு இறக்க நேரும்.

ஒரு மரக்குச்சியின் தட்டையான முனையால் 10ஆம் ஃபிரெட்டின் அந்தப் பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் துண்டின் ஆட்டம் நின்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். விரல் நகத்தால் தட்டினாலும் தெரியும். இறுகிய ஃபிரெட் கணீரென்றும், தளர்ந்தது சொத்தையாகவும் ஒலிக்கும்.

தளர்ந்திருந்தால் தந்திகளைக் கழற்றி, ஃபிரெட்டின் இருபுறமும் விரல்பலகையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நீர்போல ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை ஃபிரெட்டின் முனையில் துளித்துளியாக விடுங்கள். அது தானாகவே பள்ளத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படும். உடனே விரல்பலகையின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய மரத்துண்டை ஃபிரெட்டின் மேல் வைத்து, நெக்கின் பின்புறத்துக்கு மெத்தென்ற துணியோ தோலோ கொடுத்து, கிளாம்பால் இறுக்கிப் பத்து நிமிடமாவது அப்படியே விடுங்கள். மரத்துண்டின் அடிப்பக்கத்தில் மெழுகு தேய்த்திருந்தால் அது ஃபிரெட்டோடு ஒட்டிக்கொள்ளாது. வழிந்த பசையை அசிட்டோன் கொண்டு துடைக்க நினைப்பவர்கள், அது நெக்கின் லாக்கர் பூச்சையும் பிளாஸ்டிக் விளிம்புப் பட்டையையும் கரைத்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உங்கள் மூன்றாவது தொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு துண்டு ஒற்றை ஃபிரெட்டின் உயர்வை மட்டுமே காட்டும். ஐந்தாறு ஃபிரெட்கள் சேர்ந்து மெல்ல மேடாகியிருந்தால் அது ஆடாமலே இருந்துவிடும். நெக்கின் முழு நீளத்துக்கும் நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள்.

ஆறுதந்தி:
அப்படியே நடந்தது. அழுத்தினால் 10ஆம் ஃபிரெட் கீழே இறங்கியது. பசையிட்டு இறுக்கிய பிறகு துண்டு ஆடவில்லை, 9ஆம் ஃபிரெட்டின் இரைச்சலும் முற்றிலும் நின்றுவிட்டது. எட்டு நாள் யோசித்து வாங்கிய அரத்துக்கு இதில் வேலையே இல்லாமல் போனது.

நீண்ட சட்டத்தை வைத்தபோது, நெக்கை நேராக்கிய நிலையில், 17ஆம் ஃபிரெட்டைச் சுற்றி மெல்லிய மேடு தெரிகிறது. 12ஆம் ஃபிரெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே 0.08 மி.மீ. தகடு நுழைகிறது. முதல் மூன்று ஃபிரெட்களில் தலையின் உயரம் தந்திகளுக்கு இடையே 1.1 மி.மீ., பள்ளத்துக்குள் 0.95 மி.மீ. ஆகவே மட்டப்படுத்தாமல் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். இப்போதாவது அனுமதி உண்டா?

கருங்காலி:
இந்த இழையை முதலிலிருந்து வாசித்து வந்தேன். இப்போது அனுமதி உண்டு என்று நான் சொல்வேன். 0.15 மி.மீ. பள்ளம் ஆழமானதுதான். பொறியாளன் அவர்களின் கணக்கின்படி, அடுத்த ஃபிரெட்டின் மேல் கிடைக்கும் இடைவெளியே சுமார் அவ்வளவுதான். 2ஆம் ஃபிரெட்டின் பள்ளத்துக்குள் தந்தி 0.15 மி.மீ. கீழே இறங்கிவிட்டால், 3ஆம் ஃபிரெட்டின் தேயாத பகுதியை ஏறக்குறைய உரசிக்கொண்டே போகும். உங்கள் உள்வளைவுதான் இதுவரை அதை மறைத்து வந்திருக்கிறது.

எவ்வளவு உலோகம் மிஞ்சும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளம் முழுவதும் மறையும் வரை அராவினால் 0.95 மி.மீ. இருக்கும், மெருகேற்றிய பின் 0.9 என்று கொள்ளலாம். வாசிப்பதற்கு அது தாராளம். 0.7 மி.மீ.க்குக் கீழே போகும் என்று தெரிந்தால் மட்டப்படுத்தும் யோசனையைக் கைவிட்டு, தேய்ந்த ஃபிரெட்களை மட்டும் மாற்றச் சொல்வேன். முதல் மூன்றையும் எடுத்துவிட்டு அதே அளவுக் கம்பியில் புதிதாகப் பதித்து, பக்கத்து ஃபிரெட்களின் உயரத்துக்கு இறக்கிவிடலாம். 19 நல்ல ஃபிரெட்களை மூன்று தேய்ந்தவற்றுக்காகத் தேய்ப்பதைவிட அது சிக்கனமானது. உங்கள் கருவிக்கு மேடும் இருப்பதால் முழு வேலையே பொருத்தம்.

வேலை முறை இதுதான். தந்திகளைக் கழற்றி, ட்ரஸ் ராடைத் தளர்த்தி, விரல்பலகை நேராகும் வரை சரிசெய்யுங்கள். ஃபிரெட்களுக்கு இடம்விட்டு வெட்டிய சட்டம் இருந்தால் மரம் நேராக இருக்கிறதா என்பதை நேரடியாகவே பார்க்கலாம். விரல்பலகை முழுவதும் டேப் ஒட்டுங்கள். பூச்சுள்ள மேப்பிள் பலகை என்றால், பசை குறைந்த டேப்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். பிக்கப்களையும் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தப் பாகங்கள்) மூடிவிடுங்கள். எல்லா ஃபிரெட்களின் தலையிலும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். சட்டத்தில் 320 எண் உப்புத்தாளை இருபக்கப் பசைநாடாவால் ஒட்டி, கையின் எடைக்கு மேல் அழுத்தம் தராமல், தந்திகள் செல்லும் பாதையிலேயே முன்னும் பின்னும் தேய்த்தபடி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மெல்ல நகருங்கள். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் மை கடைசியாக எங்கே அழிகிறதோ அங்கே நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு தேய்ப்பும் கூடாது.

பொறியாளன்:
முறையை மதிக்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். தந்திகளைக் கழற்றினால் நெக் வேறொரு வடிவத்துக்குப் போகிறது. ட்ரஸ் ராடைத் தளர்த்தி நேராக்கியதும், தந்திகளின் இழுவிசையின் கீழ் இருந்த அதே நேரான வடிவம் திரும்ப வந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மரத்தின் இழை எல்லா இடத்திலும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை. சில நெக்குகள் இழுவிசையில் 5ஆம் ஃபிரெட்டருகே அதிகமாகவும், சில 9ஆம் ஃபிரெட்டருகே அதிகமாகவும் வளையும், ஆறாம் தந்தியின் பக்கம் ஒருவிதமாகவும் முதல் தந்தியின் பக்கம் வேறுவிதமாகவும் முறுக்கிக்கொள்ளும். தளர்ந்த நெக்கில் கண்ணாடி போல மட்டமாக்கிய ஃபிரெட்கள், சுருதி ஏற்றியதும் அலை போலாவதை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் சிலர் தந்திகளைப் போட்டுச் சுருதியேற்றிய நிலையிலேயே, அவற்றுக்கு அடியில் நுழையும் மெல்லிய சட்டத்தால் அராவுகிறார்கள். தந்திகள் இல்லாமலே இழுவிசை இருப்பது போன்ற நிலையில் நெக்கை நிறுத்திவைக்கும் தாங்கிகளும் இதற்காகவே உருவானவை. பெர்லினில் உருவான பிளெக் என்ற தானியங்கி ஃபிரெட் அராவும் இயந்திரமும் தந்திகள் இழுத்துக்கட்டிய நிலையில்தான் ஃபிரெட்களை அளக்கிறது.

அரத்தூள்:
இருவரும் சொல்வது சரி. எந்தக் கருவிக்கு எது என்பதுதான் கேள்வி. நண்பர் ஆறுதந்தி ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுருதி ஏற்றிய நிலையில் ட்ரஸ் ராடை இறுக்கி நெக்கை இயன்றவரை நேராக்கி, நீண்ட சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் எந்தத் தகடு நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ராடைத் திருப்பும்போது ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பிறகு தந்திகளை எடுத்து, மறுபடி நேராக்கி, அதே அளவுகளை எடுங்கள். இரண்டு பட்டியல்களும் 0.03 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் கருங்காலி அவர்களின் வழியில் நிம்மதியாகச் செல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் பொறியாளன் அவர்களின் வழி. ராடை முழுவதும் தளர்த்திய பிறகும் நெக் பின்னோக்கி வளைந்தே இருந்தால், தந்தி இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

17ஆம் ஃபிரெட்டின் மேட்டைப் பற்றி: நெக் உடலோடு இறுகும் இடத்தில் இழுவிசை அதை வளைக்க முடியாது, அதற்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் வளைகிறது. அதனால் இணைப்பின் அருகே இப்படி ஒரு மேடு தோன்றுவது சாதாரணம். முதல் தந்தியை பெண்ட் செய்யும்போது அது விரல்பலகையின் வளைவில் மேலேறி நடுப்பகுதியை நோக்கிப் போகிறது. முன்னால் இருக்கும் ஃபிரெட்களின் நடு உயர்வில் மோதி ஒலி அடைக்கிறது. ஆரம் 7.25 அங்குலம் போன்ற கூடுதல் வளைவுள்ள பலகைகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆகவே பொது மட்டம் முடிந்த பிறகு, 12ஆம் ஃபிரெட்டின் தலையில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, சட்டத்தின் ஒரு முனையை அதன் மேல் வைத்து, 13இலிருந்து கடைசி வரை மட்டும் சில தடவை தேயுங்கள். கடைசி ஃபிரெட்கள் மெல்லச் சரிந்து போகும், தந்திக்கு வழி கிடைக்கும்.

முகடு திருத்துவதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. மட்டப்படுத்திய ஃபிரெட்டின் தலை தட்டையாகியிருக்கும். தட்டைத் தலையில் தந்தி நடுவில் நிற்காமல் பிரிட்ஜ் பக்கத்து விளிம்பிலிருந்து கிளம்பும், சுருதி அதற்கேற்ப ஏறும். மறுபடி மை பூசி, உட்குழிந்த முகமுள்ள அரத்தால், அல்லது விளிம்புகள் மழுக்கிய முக்கோண அரத்தால், இருபுறத் தோள்களையும் மட்டும் உருட்டிக்கொண்டு வாருங்கள். தலையின் நடுவில் மயிரிழை போல ஒரு மைக்கோடு கடைசிவரை மிஞ்ச வேண்டும். அந்தக் கோட்டை அழித்துவிட்டால், பாடுபட்டுப் பிடித்த மட்டமும் அங்கே போய்விட்டது என்று பொருள்.

பொறியாளன்:
சுருதி ஏறும் என்பதற்கு ஓர் அளவு சொல்லிவிடுகிறேன். 648 மி.மீ. கருவியில் 12ஆம் ஃபிரெட்டில் மீதமுள்ள நீளம் 324 மி.மீ. தொடுபுள்ளி 1 மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 5 சென்ட் வேறுபாடு வரும்; ஓர் அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட். முதல் ஃபிரெட்டில் அதே நகர்வுக்கு 3 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவுதான். எல்லா ஃபிரெட்களும் ஒரேபோல நகர்ந்திருந்தால் பிரிட்ஜில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடலாம். சில தட்டையாகவும் சில உருண்டையாகவும் இருந்தால் எந்தச் சேடிலாலும் சரிக்கட்ட முடியாது.

இடக்கை:
நான் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறேன். துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட்களைப் போட்டுவிட்டால் இந்த வேலை எதுவும் தேவைப்படாதல்லவா?

கருங்காலி:
தேய்மானம் மிகவும் குறையும் என்பது உண்மை. ஆனால் தளர்வும் நெக்கின் மேடும் எஃகுக்கும் உண்டு. அப்போது அராவ வேண்டி வந்தால் சாதாரண அரத்தின் பல்தான் முதலில் மழுங்கும், வைரத்துகள் பதித்த அரம் தேவைப்படும். வழக்கமான ஃபிரெட் கம்பியை நிக்கல் வெள்ளி என்று சொல்வார்கள். பெயரில் மட்டும்தான் வெள்ளி, உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலப்புலோகம். மென்மையானது, அதனால் தேய்கிறது. அதே மென்மையால்தான் வீட்டில் வேலை செய்பவருக்கும் அது வளைந்து கொடுக்கிறது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, நிக்கல் கலக்காத பொன்னிறக் கம்பியும் கிடைக்கிறது. கடினத்தில் அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எந்த உலோகமானாலும் அராவும்போது முகக்கவசம் அணிவது நல்லது.

ஆறுதந்தி:
வேலையை முடித்துவிட்டேன். சோதனையில் இரண்டு பட்டியல்களும் ஒரேயொரு ஃபிரெட்டைத் தவிர மற்றவற்றில் ஒத்துப்போயின, ஆகவே தந்திகளைக் கழற்றிவிட்டே செய்தேன். செய்த தவறுகளை மறைக்காமல் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் சட்டத்தை இரு முனைகளிலும் அழுத்திப் பிடித்ததால், முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் மை சீக்கிரமே அழிந்தது. அதைக் கவனித்து நடுவில் இரண்டு விரல்களால் மட்டும் பிடித்த பிறகே சீரானது. 2ஆம் ஃபிரெட்டில் மூன்றாம் தந்தியின் பள்ளம் மற்றவற்றைவிட ஆழம். அது முழுவதும் மறையும் வரை போகாமல், மயிரளவு மை மிஞ்சியிருந்தபோதே நிறுத்திவிட்டேன். அந்த ஒரு புள்ளிக்காக 22 ஃபிரெட்களையும் இறக்க மனம் வரவில்லை. 15ஆம் ஃபிரெட்டில் முகடு திருத்தும்போது மைக்கோட்டை அழித்துவிட்டேன், ஆனால் உலோகத் துண்டு அங்கே ஆடவில்லை என்பதால் தப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

மெருகேற்ற 400, 600, 800, 1000, 1500, 2000 எண் தாள்களை வரிசையாகப் பயன்படுத்தினேன். முதலில் நெக்கின் நீளவாக்கில் தேய்த்துவிட்டு, பெண்ட் செய்தபோது இன்னும் நெறுநெறுவென்று இருந்ததால், கடைசி மூன்று தாள்களை ஃபிரெட்டின் நீளவாக்கில் தேய்த்தேன். தந்தி வழுக்கும் திசையிலேயே கீறல்களும் அமைந்ததும் அந்த உணர்வு மறைந்தது. எஃகுக் கம்பளியை நான் தொடவில்லை. அதன் துகள்கள் பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு என்று படித்திருந்தேன்.

14ஆம் ஃபிரெட்டில் பெண்ட் இப்போது அடைக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு குறை வந்திருக்கிறது. முதல் ஃபிரெட்டில் அழுத்த முன்பைவிடக் கூடுதல் விசை தேவைப்படுகிறது, அங்கே எல்லா ஸ்வரங்களும் சற்று ஏறி ஒலிக்கின்றன.

அரத்தூள்:
நல்ல வேலை. 2ஆம் ஃபிரெட்டில் நீங்கள் நிறுத்திய இடம் மிகச் சரியானது. என் முதல் கருவியில் நான் அங்கே நிற்கவில்லை, அதன் பலனாக ஓராண்டிலேயே எல்லா ஃபிரெட்களையும் மாற்ற நேர்ந்தது.

புதிய குறை எதிர்பார்த்ததே. ஃபிரெட்களை 0.15 மி.மீ. இறக்கினீர்கள், நட்டின் (நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் சிறு பட்டை) பள்ளங்கள் இருந்த உயரத்திலேயே இருக்கின்றன. ஆகவே ஃபிரெட்களோடு ஒப்பிட்டால் நட் 0.15 மி.மீ. உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு தந்தியையும் 2ஆம், 3ஆம் ஃபிரெட்களுக்கு இடையே அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். தட்டினால் டிக் என்று ஒலி கேட்கும் அளவுக்கு, ஒரு காகிதத்தின் கனத்துக்கும் குறைவாக, வெளிச்சம் தெரிந்தால் போதும். தந்தியின் கனத்துக்குப் பொருந்திய மெல்லிய அரத்தால், தலைப்பகுதியை நோக்கிச் சரிவாக, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை தந்தியைப் போட்டுப் பார்த்தபடி இறக்குங்கள். கூடுதலாக இறங்கிவிட்டால், அழுத்தாத தந்தி முதல் ஃபிரெட்டில் இரையும். பிறகு நட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அதன்பின் உள்வளைவை 0.15 மி.மீ. அளவுக்கு மீண்டும் வைத்து, சேடில்களில் சுருதி நீளத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

கருங்காலி:
பராமரிப்பைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். வாசித்து முடித்ததும் தந்திகளையும் ஃபிரெட்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள்; வியர்வை தங்கினால் நிக்கல் வெள்ளியில் பச்சைக் களிம்பு ஏறும். பழைய தந்தியின் அடிப்பக்கத்தில் ஃபிரெட்கள் பட்ட தழும்புகள் இருக்கும், அவை அரம் போலவே ஃபிரெட்டைத் தேய்க்கும். ஆகவே தந்திகளைக் காலத்தில் மாற்றுவதும் ஃபிரெட் பராமரிப்புதான். கேப்போவின் இறுக்கத்தைச் சுருதி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் வையுங்கள். ரோஸ்வுட் பலகைக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை துளி எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். பூச்சுள்ள மேப்பிளுக்கு எண்ணெயே வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மரம் காய்ந்து சுருங்கினால் உலோகம் சுருங்காது, ஃபிரெட் முனைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். அப்படி நீட்டியதும் நான் ஒருமுறை ஆத்திரத்தில் உடனே அராவிவிட்டேன். ஈரம் திரும்பியதும் பலகை விரிந்து, முனைகள் உள்ளே போய்விட்டன. இன்றுவரை அந்தக் கருவியில் முதல் தந்தி விளிம்பில் வழுக்கி விழுகிறது. பெட்டிக்குள் ஈரப்பதமூட்டி வைத்துச் சில வாரம் காத்திருந்து, அதற்குப் பிறகும் நீட்டினால் மட்டும் அராவுங்கள்.

ஆறுதந்தி:
நட்டின் ஆறு பள்ளங்களையும் இறக்கிவிட்டேன். மூன்றாம் தந்தியில் மட்டும் இன்னும் ஓர் இழுப்பு பாக்கி வைத்திருக்கிறேன், புதுத் தந்தி போட்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்று. உள்வளைவு 0.15 மி.மீ., 12ஆம் ஃபிரெட்டின் மேல் முதல் தந்தி 1.5 மி.மீ., எங்கும் இரைச்சல் இல்லை. பசையிட்ட 10ஆம் ஃபிரெட்டை மாதம் ஒருமுறை நகத்தால் தட்டிப் பார்க்கிறேன், இதுவரை கணீரென்றே ஒலிக்கிறது.